முதல் பாடத்திலேயே குடியிருப்பவர்

புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நிஜமாகவே கற்றுக்கொள்கிறவர் அவ்வளவு சுலபத்தில் வாயைத் திறக்க மாட்டார். தப்பாகிவிடுமோ, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அவர் பாவம், விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது வேறு ஓர் இனம். முதல் பாடத்துக்குள் நுழைந்து, அங்கேயே பாயை விரித்து, காலை நீட்டி, குடியேறிவிட்ட இனம். வணக்கம், என் பெயர் இன்னது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், மிக நன்றாக இருக்கிறேன், நன்றி, நூலகம் எங்கே இருக்கிறது? இவ்வளவுதான் மொத்தச் சொத்து. இதை வைத்துக்கொண்டு ஊரையே ஒரு வழி பண்ணிவிடுவார். இவருக்கு முதல் பாடக்காரர் என்று பெயர் வைப்போம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், என் அக்காவைக் கட்டிக்கொண்டு.

மாமா டைல்ஸ் கடையில் மேற்பார்வையாளர். டைல்ஸ், வாஷ்பேசின், குழாய், கழிப்பறைக் கோப்பை எல்லாம் விற்கிற பெரிய கடை. அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். வந்து இறங்குகிற பெட்டிகளில் பாதி ஸ்பெயினிலிருந்து வருகிறவை. ஒருநாள் மாமா ஒரு பெட்டியின் மேல் இருந்த எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் செல்போனில் ஸ்பானிஷ் வகுப்பு. அதற்கு மறுநாள் அவரே வாத்தியார்.

முதல் பாடக்காரரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்பச் சுலபம். அவர் எதிரில் 'ஹோலா' என்று சொல்லிப் பாருங்கள். "ஓலா! எச் ஊமை எழுத்து, மாப்ளே. எழுதுவாங்க, சொல்ல மாட்டாங்க" என்று பாய்ந்து வருவார். தன் பெயரைக் கேட்காதவர்களிடமும் தன் பெயரைச் சொல்வார். சுமை இறக்குகிற ஆட்களிடம், ஸ்பெயினில் மரியாதைக்குரியவரை 'சென்யோர்' என்பார்கள், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்றார். அவர்கள் காதில் விழுந்தது 'சீனியர்'. அன்றிலிருந்து "சீனியர், லாரி வந்தாச்சு", "சீனியர், டீ ஆறுது" என்று கூப்பிடுகிறார்கள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. "பாத்தியா, எவ்வளவு சீக்கிரம் புடிச்சுக்கிட்டாங்க!" என்பார்.

இந்த இனத்துக்கு நாக்கு ஒரு பெரிய பெருமை. ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் நாய். உருட்டுவதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் மாமா விடுவாரா? எல்லா இடத்திலும் உருட்டினார். "கல்யாணத்துக்கு வர ஆசைதான், பெர்ரோ, கடையில வேலை" என்று முதலாளியின் தம்பியிடமே சொன்னார். வர ஆசைதான், நாய், கடையில் வேலை! அந்தச் செல்போன் வகுப்பை ஒருநாள் நானும் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இத்தனைக்கும் இந்த நாக்குச் சூரர் வாயில் சொந்த மொழியின் மழை இன்றுவரை 'மளை'தான், வாழைப்பழம் 'வாளைப்பளம்'தான்.

கடையோடு போனால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். முதல் பாடக்காரருக்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே! மேலே அவர்கள் வீடு, கீழே நான் என்பதால் பாடம் முழுவதும் எனக்கும் கேட்கும். காலையில் சமையலறை வாசலில் நின்று, "கோமோ எஸ்தாஸ்?" என்பார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே "முய் பியன், கிராசியாஸ்" என்று சொல்ல வேண்டும். மிக நன்றாக இருக்கிறேன், நன்றி. சொல்ல மறந்தால் அவரே சொல்லிக்கொள்வார். பாடத்தில் இரண்டு பேர் பேசுவதையும் அவர்தானே பேசிப் பழகியிருக்கிறார்?

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இலக்கண வகுப்பு. நானும் இருந்தேன். மேசை பெண்பாலாம். அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஓ, அதனாலதான் எல்லாத்தையும் அது தலையில வைக்கிறீங்களா?" என்றாள். மாமா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்து, தமிழில் 'இருக்கிறேன்' என்று ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறோமே, அங்கே அதற்கு இரண்டு சொல் என்று ஆரம்பித்தார். நிரந்தரமானதற்கு 'சோய்', தற்காலிகமானதற்கு 'எஸ்தோய்'. நான் கடைக்காரன் என்பது சோய். நான் பசியோடு, களைப்போடு நிற்கிறேன் என்பதெல்லாம் எஸ்தோய்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்குக் கல்யாணம் ஆகியிருக்குன்னு நீங்க எதுல சொல்லுவீங்க?"

மாமா செல்போனைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

"எஸ்தோய்னுதான் போட்டிருக்கு" என்றார்.

"அப்ப கடை நிரந்தரம், நான் தற்காலிகம்."

"ஐயோ, அது இலக்கணம்மா!"

"சரிங்க, தெரிஞ்சுக்கிட்டேன்" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரிப்பை விழுங்கினேன்.

அப்புறம் அக்காவுக்கு வலி வந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே. சாப்பிட்டதும் வரும், முதுகு வரைக்கும் இழுக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். முதலில் வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்தாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். ஒருநாள் காலையில் வழக்கமான "கோமோ எஸ்தாஸ்?" வந்தபோது, அவள் திரும்பி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தமிழில் பதில் சொன்னாள்.

"நல்லா இல்லைங்க. ரெண்டு வாரமா நல்லாவே இல்லை."

சர்க்கரை கடன் வாங்கப் போன நான் வாசலில் நின்று கேட்டேன். ஒரு மனிதன் இதற்கு என்ன சொல்ல வேண்டும்? என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். குறைந்தபட்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். மாமா சொன்னது இது:

"அப்படிச் சொல்லக் கூடாது. முய் பியன்னுதான் சொல்லணும். 'நல்லா இல்லை' அடுத்த பாடத்துலதான் வருது."

அக்கா விடவில்லை. "வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கணும். தனியாப் போக பயமா இருக்கு. நீங்க கூட வாங்க" என்றாள். அவள் எதற்கும் யாரையும் கூப்பிடுகிறவள் அல்ல. மாமா வாயெல்லாம் பல்லாக, "வெள்ளிக்கிழமையா? அன்னிக்குத்தான் குழாய் கம்பெனியிலருந்து ஸ்பெயின்காரர் வர்றார்! நான் இல்லாம யார் பேசுறது? அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். "வேண்டாம்டா, அவரே வரட்டும்" என்றாள். அந்தப் பிடிவாதத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புரிய வேண்டியவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்பெயின்காரர் வந்தார். வயதானவர், தூரப் பயணம் முடித்து விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கே வந்திருந்தார். மாமா சலவைச் சட்டையும் வாசனையுமாக முன்னே போய், ஓலா, என் பெயர் இன்னது, கோமோ எஸ்தாஸ் என்று மொத்தச் சொத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார். மாமா எல்லாவற்றுக்கும் "சி, சி" என்றார். ஆமாம், ஆமாம். கடைசியில் பெரியவர் கொஞ்சம் அவசரமாக ஒரு கேள்வி கேட்டார். "தோந்தே எஸ்தா எல் பான்யோ?"

பான்யோ! பெட்டிகளில் கொட்டை எழுத்தில் இருக்கிற சொல். குளியலறை. மாமா பூரித்துப்போனார். பெரியவரை அழைத்துக்கொண்டு, கடையில் அலங்கரித்து வைத்திருக்கிற மாதிரிக் குளியலறைகளை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். நீலம், வெள்ளை, பளிங்கு. ஒன்றிலும் தண்ணீர் இணைப்புக் கிடையாது. பெரியவர் மறுபடி கேட்டார். மாமா அடுத்த பான்யோவைக் காட்டினார். 'நூலகம் எங்கே இருக்கிறது' என்று சுவரையும் கதவையும் ஆயிரம் தடவை கேட்டவர்தான். அதே கேள்வி, ஒரே ஒரு சொல் மாறித் திரும்பி வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கேள்வி கேட்கத்தானே கற்றுக்கொண்டார், காதுகொடுக்கவா கற்றுக்கொண்டார்? பெரியவரின் கால்கள் இரண்டும் பின்னிக்கொண்டு நின்றதைப் புரிந்துகொள்ள எந்தப் பாடமும் தேவையில்லை. நான் கல்லாவை விட்டு எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் செல்போன் அடித்தது. எடுத்தார். பெரியவருக்கும் கேட்க வேண்டும் என்று உரத்த குரலில், "ஓலா! கோமோ எஸ்தாஸ்?" என்றார். அந்தப் பக்கம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "முய் பியன், கிராசியாஸ்!" என்று அவரே சொல்லிச் சிரித்து, வைத்துவிட்டார்.

பெரியவரைப் பின்கட்டுக் கழிப்பறையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினால், என் போன் அடித்தது. அக்கா. "தம்பி, நிக்க முடியலடா. அவருக்குப் போட்டேன், என்னமோ சொல்லிட்டு வச்சிட்டார்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பளிங்குக் குளியலறையை உடைத்திருப்பேன். மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். அக்கா கட்டிலில் வலது விலாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பேச முடியவில்லை. டாக்டர் மாமாவைப் பார்த்து, "எத்தனை நாளா வலிக்குது?" என்றார்.

"அது... அப்பப்ப ஏதோ சொல்லுவா..."

"எந்த இடத்துலன்னு சொன்னாங்க?"

மாமா தன் சட்டையின் இடது பக்கத்தைத் தொட்டார்.

டாக்டர் அவரையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

மாமா வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "இப்போதைக்குப் புருஷன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மாமாவுக்கும் கேட்டவுடனே புரிந்தது.

பித்தப்பையில் கல். பையே வீங்கி, சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைப்பதே கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் மாமாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்றைக்கே அறுவை. வெளியே நீள பெஞ்சில் மாமா செல்போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை அது தானாகவே, இன்றைய பாடம் காத்திருக்கிறது என்று கூவியது. அணைத்தார்.

அக்கா கண் விழித்ததும் உள்ளே விட்டார்கள். மாமா கட்டில் ஓரமாகப் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டிருக்க வேண்டியதை, அன்றைக்குத்தான், தமிழில் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கே?"

அக்கா அவரைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"முய் பியன், கிராசியாஸ்."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை, முதல் பாடத்தில் அதற்கப்புறம் இருப்பது நூலகம் ஒன்றுதான்.

நல்லவேளை, நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நீங்கள் சாய்ந்து உட்காருவது தெரிகிறது. சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். மேலே நாய் வந்த இடத்தில், வாய்க்குள்ளேயே நாக்கை மடித்து ஒரு தடவை உருட்டிப் பார்த்தீர்கள் அல்லவா? கூச்சப்படாதீர்கள், எல்லோரும் செய்கிறதுதான். நீங்கள் உருட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்ம், ம்ம்" என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?