ராசப்பனுக்கும் ராசப்பனுக்கும் சமாதானம்

"நீர் உம்மோடு பேசுவதே இல்லையாமே?" என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் டோலியை விட்டு இறங்கும்போதே கேட்டார்.

ராசப்பன் வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நினைத்து வைத்திருந்த பேச்சே வேறு. அடிவாரத்தில், மாமியார் ஊட்டில், பெண்டாட்டி கண்ணாயி தலைச்சன் பிள்ளை பெற்றிருந்தாள். பெண்ணாம்; மூக்கு அப்படியே இவர் மூக்காம். மலைக்கு உப்பு சுமந்து வருகிறவன் சொன்னான். அந்த மூக்கைப் பார்க்க லீவு வேண்டும். கேட்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் இந்தக் குண்டு.

"யாருங்க? நானுங்களா?"

"தலைமை ஆசிரியர் ராசப்பன். உதவி ஆசிரியர் ராசப்பன். இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நீரே எழுதி அனுப்பியிருக்கிறீர்."

எழுதியது உண்மைதான். கொல்லிமலை மேலே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலை இரண்டு, ஆள் ஒன்று. உதவி ஆசிரியராக வந்தவர்களில் பாதிப் பேர் மலைக்காய்ச்சல் கண்டு ஓடினார்கள். மீதிப் பேர் காய்ச்சல் கண்டதாகச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். ஆகவே இரண்டு வேலையும் ராசப்பன் தலையில். அந்த வருஷம் பார்த்து, கீழே பட்டணத்தில் மாநாடு போட்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள்: ஆசிரியர்கள் மனம் விட்டுப் பேசிப் பழகாததால்தான் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை. உடனே எல்லாப் பள்ளிக்கும் கேள்வி பறந்தது. உங்கள் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா? ராசப்பன் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இல்லை" என்று எழுதிவிட்டார்.

"இங்க நான் ஒருத்தன்தானுங்களே."

"உத்தியோகம் இரண்டு அல்லவா? உத்தியோகம்தான் ஐயா பேச வேண்டும். ஆளா பேசுகிறது?"

"லீவு வேணுமுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"அதைத்தான் கேட்கிறேன், யாருக்கு? உதவி ஆசிரியருக்கு என்றால் தலைமை ஆசிரியர் சம்மதிக்க வேண்டும். கூட்டம் போடும். இருவரும் மனம் விட்டுப் பேசும். நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் மறுபடி டோலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், பார்ப்பதற்காக.

சேதி பரவி ஊரே வந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் முன்னால் உட்கார்ந்தார். அத்தாயி அறுத்துக்கொண்டிருந்த பலாப்பழத்தோடு அப்படியே எழுந்து வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நாற்காலி ஒன்றே ஒன்று. அது தலைமை ஆசிரியருக்கு. உதவி ஆசிரியருக்கு ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டார்கள். நாற்காலியில் இருக்கும்போது தலைப்பாகை, உரலில் இருக்கும்போது வெறுந்தலை என்று இன்ஸ்பெக்டர் ஏற்பாடு செய்தார். இல்லாவிட்டால் குழப்பம் வருமாம்.

ராசப்பன் தலைப்பாகை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "உதவி ஆசிரியரே, உமக்கு என்ன குறை?"

எழுந்தார். அவிழ்த்தார். உரலில் உட்கார்ந்தார். "பொண்ணு பொறந்திருக்குதுங்க. போய்ப் பாக்கோணுமுங்க."

கட்டினார். நாற்காலி. "போய் வாரும்."

"நிறுத்தும்!" என்றார் இன்ஸ்பெக்டர். "சண்டையே இல்லாமல் சமாதானம் எங்கிருந்து வரும்? கொஞ்சம் மனஸ்தாபம் காட்டும். மாநாட்டில் அதைத்தான் வலியுறுத்தினார்கள்."

ராசப்பன் பெருமூச்சு விட்டார். "நீர் போனால் பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பது?"

உரல். "ஏனுங்க, நீங்க இருக்கீங்களேங்க!"

கூட்டம் கைதட்டியது. "பேஷ்" என்றார் இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான், ராசப்பனுக்கும் சூடு பிடித்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வக்கில்லை, உமக்கு லீவு ஒரு கேடா?"

"நாற்காலியில குந்திக்கிட்டுத் தூங்கறது நீங்க. வாய் வலிக்கக் கத்தறது நானுங்க!"

"பெரிய வாத்தியாரு சொல்றதுதான் ஞாயம்" என்றார் காளியண்ணன். "சின்னவனுக்குத் திமிரு."

அத்தாயி எழுந்துவிட்டாள். "என்னுங்க கவுண்டரே ஞாயம்? புள்ள மூஞ்சியப் பாக்க வுடமாட்டேங்கிறான், அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு! சாமி, சின்ன வாத்தியாரே, நீ வுடாத!"

"அத்தாயி, பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு?"

"நாற்காலிக்கு நீங்க பேசறப்ப உரலுக்கு நான் பேசக் கூடாதுங்களா?"

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் நாற்காலிக் கட்சி, இடது பக்கம் உரல் கட்சி. ஒரே ஊட்டில் புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே. உரல் கட்சியிலிருந்து ஒரு பலாக்கொட்டை பறந்து வந்து தலைமை ஆசிரியர் நெற்றியில் பட்டது. வீக்கம் இருவருக்கும் சமமாக வந்தது. அந்தப் பள்ளியில் ஆசிரியர் ஒற்றுமை ஏற்பட்டதற்கு அதுதான் முதல் அடையாளம்.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் டோலிக்குள் குனிந்துகொண்டிருந்தார். கொட்டை மழை நின்றதும் தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"இவ்வளவு விரோதம் கொண்ட இருவர் ஒரே கூரையின் கீழ் இருப்பது கல்விக்குக் கேடு. உதவி ஆசிரியரை அடிவாரப் பள்ளிக்கு மாற்றுகிறேன். நாளையே போய்ச் சேர வேண்டும். தலைமை ஆசிரியர் இங்கேயே இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் மலையை விட்டு இறங்கக் கூடாது. தினம் மணியடித்துப் பாடம் நடத்த வேண்டும்."

ராசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பிரிவு உபசாரம். தலைமை ஆசிரியர் உதவி ஆசிரியருக்கு மாலை போட வேண்டும் என்றார்கள். ராசப்பன் தலைப்பாகையோடு மாலையை எடுத்து, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். கட்சி இரண்டும் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றன. "எங்க ஆளு இங்கியே இருக்காரு, செயிச்சோம்" என்றது நாற்காலிக் கட்சி. "எங்க ஆளு புள்ளயப் பாக்கப் போறாரு, செயிச்சோம்" என்றது உரல் கட்சி. தோற்றவர் என்று ஒருவரும் இல்லை.

ராசப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிய பிறகும் நின்றார். "ஏனுங்க, அப்ப நாளைக்கு மணி யாருங்க அடிக்கறது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பெரிய வாத்தியாரு எதுக்குச் சாமி இருக்காரு?" என்றார் காளியண்ணன். "உனக்கேன் அந்தக் கவலை? நீ போ."

"சண்டை போட நீ இல்லாம அவரு நிம்மதியாப் பாடம் நடத்துவாரு" என்றாள் அத்தாயி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம்.

இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதினார்: அந்த மலைப் பள்ளியில் இப்போது சச்சரவு என்ற பேச்சுக்கே இடமில்லை, பூரண அமைதி நிலவுகிறது. அது நூற்றுக்கு நூறு உண்மை. நாற்காலி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், மணி தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய வாத்தியார் எங்கே என்று நாற்காலிக் கட்சிக்காரர்களைக் கேட்டால், கட்சி மானம் போய்விடுமே என்று, "உள்ளதான் இருக்காரு" என்றார்கள்.

தலைமை ஆசிரியரின் தலைப்பாகை அன்று சாயங்காலமே அடிவாரத்தில் பிள்ளைக்குத் தூளியாகிவிட்டது. மூக்கு உண்மையிலேயே அவர் மூக்குத்தான்.

மலையை விட்டு இறங்கக் கூடாது, தினம் மணியடிக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தது. அவர் அடிக்கவில்லை.