நான் வேண்டிக்கொள்ளாத வேண்டுதல்

தியாகதுருகம்,
ஆடி மாதம், ஞாயிறு மத்தியானம்.

அன்புத் தங்கை இலக்கியாவுக்கு அக்கா விஜயலட்சுமி எழுதிக்கொள்வது. சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "இங்கே நானும்" என்று வழக்கப்படி அடுத்த வரியைத் தொடங்கினேன், பேனா நகரவில்லை. இந்த வீட்டில் மற்ற எல்லோரும் சௌக்கியம். அது என்னால்தான் என்று வேறு சொல்கிறார்கள். பிரச்சினையே அதுதான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் பேசினால் என் மாமியாருக்குக் கேட்கும், எங்கள் உரக்கடையில் பேசினால் உன் மாமாவுக்குக் கேட்கும், தெருவில் நின்று பேசினால் பக்கத்து வீட்டுச் செவ்வந்திக்குக் கேட்கும். காகிதத்துக்குத்தான் வாய் இல்லை.

தை மாதம் கள்ளக்குறிச்சியில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், எலும்பு மெலிய ஆரம்பித்துவிட்டது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது என்றார். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் கண்ணிலும் அம்மாதான் நின்றாள். பாத்ரூமில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு, அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவளைப் புரட்டித் துடைத்தது நம் கைகள். "நீ அப்படிப் படுக்கக் கூடாதுக்கா" என்று சொல்லி, பிசியோதெரபி படித்த நீதான் எனக்கு வழி சொன்னாய். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டுக்குள் சாப்பிடு, அந்த நேரத்தில் முட்டை, பருப்பு, கோழி ஜாஸ்தி, சோறு கம்மி, மறக்காமல் எடை தூக்கு என்றாய். இரண்டு டம்பெல்லை பஸ் பார்சலில் அனுப்பினாய். நானும் படித்தவள்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

கஷ்டம் முதல் நாள் காலையிலேயே வந்தது. இட்லி வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் இலக்கியா, அந்த ஒரு வார்த்தைதான். திருமணமாகி வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி மிச்சத்தைத் தின்றிருக்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று ஒரு ஆள் கேட்டதில்லை. சாப்பிடாத அன்றைக்கு வீடே கேட்டது. கேட்டதும் அக்கறையால் இல்லை, பயத்தால். மருமகள் சாப்பிடவில்லை என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான், யார் மேலோ கோபம். "நான் இன்னாம்மா சொல்லிட்டேன் உன்ன?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் தட்டைத் தள்ளிவிட்டார்கள். "மருமவ பட்டினி கெடக்குறா, மாமியார் தின்னுகினு இருக்காள்னு ஊரு பேசறதுக்கா?" என்று ஒரு கேள்வி. உன் மாமா அதற்கும் ஒரு படி மேலே. என்னைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போய், "விஜி, நீ எதுக்குக் கோவமா இருக்கேன்னு தெரியல, எதுக்கும் எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்று தொடங்கி மூன்று விஷயங்களை ஒப்புக்கொண்டார். மூன்றும் எனக்குத் தெரியாதவை. அதில் ஒன்றுக்கு நான் இனிமேல்தான் கோபப்பட வேண்டும், தெம்பு வரட்டும்.

எலும்பு, சர்க்கரை என்று எல்லாம் விளக்கினேன். "சக்கரைன்னா வேளாவேளைக்கு சாப்புடணும், டிவியில சொல்றான்" என்றார்கள் அத்தை. இப்படி ஒரு வாரம் போயிற்று. அத்தையும் பிடிவாதமாகக் காலையில் சாப்பிடாமல் இருந்து, ஒருநாள் பிரஷர் மாத்திரை போட்டதும் தலைசுற்றி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துச் செவ்வந்தி உள்ளே வந்து, "இன்னாக்கா, நீ கொல்லையில தோப்புக்கரணம் போடுறத மாடியிலருந்து பாத்தேனே, எதனா விரதமா?" என்று கேட்டாள். உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி என்று நீ கற்றுக்கொடுத்தாயே, அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அத்தை தலை நிமிர்ந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு வாய் தவறியது. "ஆமா, விரதம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

உடனே இட்லி எடுத்து வந்து அத்தை சாப்பிட்டார்கள். வீடு அமைதியாயிற்று. உடம்புக்காகச் சாப்பிடாமல் இருந்தால் குற்றம், சாமிக்காக இருந்தால் மரியாதை! நானும் மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் விசாரணை. எந்த சாமிக்கு? வாயில் வந்தது கல்வராயன் மலைமேல் இருக்கும் கருப்பு சாமி. தூரத்தில் இருக்கிறது, யார் போய்க் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். இரும்பை எதுக்குத் தூக்குற? இதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பத்த மலைக்குத் தூக்கினு வரேன்னு வேண்டிக்கினேன் அத்தை, அதுக்குப் பழகுறேன்." எதுக்காக வேண்டுதல் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அத்தையே சொல்லிக்கொண்டார்கள். "தெரியும்மா. எங்க இளவரசனுக்காகத்தான?"

இளவரசன் என் கொழுந்தன். முப்பத்தெட்டு வயது, இன்னும் பெண் அமையவில்லை. அவனுக்காக அண்ணி பட்டினி கிடக்கிறாள் என்று தெரு முழுக்கப் பரவியது. அவன் என் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். என்னால் கண்ணைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை.

விரதம் என்றான பிறகு சட்டங்கள் வந்தன. முட்டை கூடாது, கோழி கூடாது, மீன் கூடாது. மத்தியானம் ஒருபொழுது, அதோடு சரி, ராத்திரிக்கு ஒரு டம்ளர் பால். நீ எதையெல்லாம் சாப்பிடச் சொன்னாயோ அதெல்லாம் விலக்கு. எடை தூக்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சதை கரையும் என்று நீ எச்சரித்தாயே, என் கையே எனக்குச் சாட்சி, ஜாக்கெட் கை தொளதொள என்று ஆடுகிறது. வேறு வழியில்லாமல் அவித்த முட்டையை டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய், விதைப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு தின்கிறேன். ஒருநாள் விவசாயி ஒருவர், "இன்னாம்மா நாத்தம்?" என்றார். புது மருந்து வந்திருக்கிறது என்றேன். அது எந்தப் பூச்சிக்கு என்று கேட்டு, தனக்கும் அரை லிட்டர் வேண்டும் என்று நிற்கிறார். பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள் நான். இதற்கா படித்தேன்?

இதெல்லாம் கூடத் தாங்கலாம். போன மாதம் திருக்கோவிலூரிலிருந்து இளவரசனுக்கு ஒரு ஜாதகம் வந்து, பொருந்தி, பெண்ணும் சரி என்று சொல்லி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது! பெண்ணின் சித்தி என்னைக் காட்டி, "பாத்துக்கோ, வந்த வூட்டுக்காக எப்படி உருகிக் கெடக்குறாங்க" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பயம். அடுத்த விரதம் தன்னுடையது என்று நினைத்துவிட்டாள் போல. செவ்வந்தி தன் தம்பியின் வேலைக்காக என்னை இன்னும் ஒரு மாதம் விரதத்தை நீட்டிக்கச் சொல்கிறாள். "உனக்குத்தான் பழக்கம் ஆயிடுச்சேக்கா" என்கிறாள்.

வேண்டுதல் பலித்துவிட்டதால் நிறைவேற்றியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் செய்யாவிட்டால் சாமி குத்தமாம். அடுத்த ஞாயிறு வெள்ளிமலை வரை வேன் பேசியாயிற்று, இரண்டு வேன். அதற்கப்பால் கோயிலுக்குக் கரடுமுரடான ஏற்றம், மழை பெய்தால் வழுக்கும். அதில் நான் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், சொந்தக்காரர்கள் குலவையிட்டுக்கொண்டு பின்னால் வருவார்களாம். இலக்கியா, வேண்டுதலுக்கென்று வாங்கிக் கடையில் வைத்திருக்கும் சிப்பத்தை நேற்று யாரும் இல்லாதபோது தூக்கிப் பார்த்தேன். முழங்கால் வரை வந்தது, அப்புறம் வரவில்லை. கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா மாதிரி விழக் கூடாது என்றுதானே இதைத் தொடங்கினேன்? இப்போது அதனாலேயே ஒரு மலையில், இரண்டு வேன் ஜனத்துக்கு முன்னால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளப் போகிறேன். என்னைப் புரட்டித் துடைக்க எனக்குப் பெண்பிள்ளை கூட இல்லை. இருக்கிற ஒரு மகன் ஹாஸ்டலில் தன் போர்வையையே மடிக்காதவன்.

ஆகவே உன் காலில் விழுந்து கேட்கிறேன். சனிக்கிழமையே புறப்பட்டு வா. உன் கிளினிக் பெயர் போட்ட காகிதத்தில், இந்த அம்மாள் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, காலையில் கட்டாயம் இட்லி சாப்பிட வேண்டும் என்று எழுதி, பெரிய முத்திரையாகக் குத்திக் கொண்டு வா. டம்பெல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எலும்பு இருக்கிறபடி இருக்கட்டும். நான் தோற்றுவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிட்டு, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல், நீண்ட ஆயுளோடு வளரட்டும் என்று அந்தக் கருப்பு சாமியையே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்த சாமி அவர் ஒருவர்தான்.

உன் அக்கா,
விஜயலட்சுமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "தங்கச்சிக்குத்தான எழுதுற? காப்பாத்துன்னு எழுதியிருப்ப" என்றார்கள். நான் உறையை மடியில் கவிழ்த்து வைத்தேன். "ஏம்மா, விரதக்காரி எவளாவது குளிக்காம அடுப்புகிட்ட போவாளா? கடைக் குப்பையில முட்டை ஓடு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்கள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்றேன். "பத்து வருசமா பொண்ணு பாக்குறோம். தரகரு இந்தத் தெருவுக்கே வர்றதில்ல. நீ விரதம்னு ஒரு வார்த்தை சொன்ன, நானும் நாலு ஊருக்குச் சொல்லி வுட்டேன். அந்த வூட்டு அண்ணிக்காரி அப்படியாப்பட்டவளாம்னு ஜாதகம் வந்துகினே இருந்துச்சு. நான் ஏம்மா வாயத் தொறக்கணும்?" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயப்படாத. மூட்டைய கடையாளு சடையன் தூக்கினு வருவான். கோயில் வாசல்ல நீ வாங்கித் தலையில வச்சிக்கினா போதும். நான் பேசிட்டேன்" என்றார்கள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம், இலக்கியா. இத்தனை நாள் பட்டினி, இத்தனை தோப்புக்கரணம், கடைசியில் சடையன் தூக்குவானா? "வேணாம் அத்தை. நானே தூக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் வாய் தவறியதா என்று இரண்டு தரம் யோசித்துப் பார்த்தேன், இல்லை.

அத்தை என் கையைப் பிடித்து, மேல்கையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்கள். கத்தரிக்காயைப் பார்ப்பது போல. "இதுலயா?" என்றார்கள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். "ராத்திரிக்குள்ள நாலு முட்டை தின்னு. செவ்வந்தி வந்தா நான் வாசல்ல பேசிக்கினு இருக்கேன்."

அதனால் முத்திரைக் காகிதம் வேண்டாம். ஆனால் சனிக்கிழமை கட்டாயம் வா. முழங்காலுக்கு மேலே சிப்பத்தை எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லிக்கொடு. ஞாயிற்றுக்கிழமை, நான் வழுக்கினால் பிடிக்கிற தூரத்தில், எனக்கு ஓர் அடி கீழேயே ஏறி வா.