வலைத்தளத்தின் மேல் உட்கார்ந்த அத்தை

குமாசி நகரத்துப் பன்டாமா பேட்டையில் ஞாயிறு காலையில் டாக்சி கிடைக்காது. எல்லா டாக்சியும் பழைய மரக்கிடங்குப் பக்கம் போய்விடும். கிடங்கில் இப்போது மரம் இல்லை, 'அதிவேக விடுதலை ஆலயம்' இருக்கிறது. கால்வலி, கடன்தொல்லை, கல்யாணத்தடை எல்லாம் மற்ற ஆலயங்களின் பழைய சரக்கு. இங்கே ஒரே ஒரு நோய்க்குத்தான் மருந்து: திறக்காத வலைத்தளம்.

சிரிக்காதீர்கள். கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். சவுரி விற்கிறவள், காரின் உதிரிபாகம் விற்கிறவன், பனை எண்ணெய் மொத்த வியாபாரி, தனியார் பள்ளி நடத்தும் கணக்கு வாத்தியார் என்று எல்லாரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாருக்கும் வலைத்தளம் இருக்கிறது. எல்லாருடையதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இவர்களை ரட்சிக்க வந்தவரின் பெயர் பத்து-ஜி தீர்க்கதரிசி. உலகமே ஐந்தாவதற்கு அல்லாடிக்கொண்டிருக்கும்போது, இவர் வானத்திலிருந்து நேரடியாகப் பத்தாவதை வாங்கிவிட்டாராம். நடுவில் இருந்த நான்கையும் என்ன செய்தார் என்று கணக்கு வாத்தியார்கூடக் கேட்கவில்லை.

அற்புதம் இப்படி நடக்கும். தீர்க்கதரிசி பையிலிருந்து தங்க நிறப் போன் ஒன்றை எடுப்பார். போனில் தெரிவது மேடைக்குப் பின்னால் பெரிய திரையிலும் தெரியும். உங்கள் வலைத்தளத்தின் பெயரை அதில் அடிப்பார். பாடகர் குழு பாட்டை ஆரம்பிக்கும். திரையில் வட்டம் சுற்றும். முதல் அடி முடியும், சுற்றும். கைத்தட்டல் முடியும், சுற்றும். பாட்டே முடிந்து பாடகர்கள் தண்ணீர் குடிக்கும்போதுதான் பக்கம் முழுதாகத் திறக்கும். உடனே தீர்க்கதரிசி கண்ணை மூடி, போனின் நெற்றியில் எண்ணெய் தடவி, ஒரு உறுமு உறுமுவார். மறுபடி அதே பெயரை அடிப்பார். பாடகர் வாயைத் திறப்பதற்குள் பக்கம் திறந்துவிடும்!

கூரை பறக்கும். காணிக்கைக் கூடை நிரம்பும். எண்ணெய் துடைத்த கைக்குட்டை தனியாக ஏலம் போகும்.

அன்றைக்குப் பிராகோவின் முறை. எங்கள் தெருவில் 'கடவுளின் நிழல்' என்ற பெயரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவள். குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவுச்சடங்கு. சாவுச்சடங்கு என்றால் பந்தல். பந்தல் என்றால் பிராகோ. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே பந்தல் சொல்வதற்காக வலைத்தளம் போட்டாள். கொஞ்ச காலமாக யாரும் சொல்வதில்லை. நாற்காலிகள் அடுக்கின இடத்தில் கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது.

அவளுடைய பக்கத்தையும் அதே விதமாகத் திறந்து காட்டிவிட்டுத் தீர்க்கதரிசி கேட்டார்: "மகளே, உன் போன்ல உன் வலைத்தளம் எப்படித் திறக்குது?"

"நல்லாத் திறக்குதுங்கய்யா. பட்டுனு வருது."

"வாடிக்கைக்காரங்க போன்ல?"

"சுத்திக்கிட்டே இருக்குதாம்."

"கேட்டீங்களா ஜனங்களே! சொந்தக்காரிக்குத் திறந்து காட்டுறா, காசு குடுக்கிறவனுக்கு மூடிக்கிறா! இது கம்பியில வந்த கோளாறா? இல்ல! சூனியக்காரி வேலை! மகளே, உன் வீட்டுல வயசான பொம்பளை ஒருத்தி இருக்கா. இருக்காளா இல்லையா?"

"எங்க அத்தை இருக்காங்க..."

"காலை இழுத்து இழுத்து நடப்பா!"

பிராகோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயதான பெண் இல்லாத வீடு, மூட்டுவலி இல்லாத வயதான பெண், இந்த இரண்டையும் குமாசியில் தேடிக் கண்டுபிடித்திருந்தால்தான் அது தீர்க்கதரிசனம்.

"அவ காலை இழுக்க இழுக்க உன் வலைத்தளமும் இழுக்குது. அடுத்த ஞாயிறு இங்கே கூட்டிட்டு வா. ஜனங்க முன்னால ஒத்துக்கணும். அப்படியே உன் வீட்டை விட்டுப் போயிடணும். அதுவரைக்கும் காவலுக்கு என் ஆசீர்வாத வீடியோவை உன் முதல் பக்கத்துல போடு."

ஆசீர்வாதத்துக்குத் தனிக் காணிக்கை. வாங்கிக்கொண்டார்.

போக்குவா அத்தை பிராகோவின் அப்பாவோடு பிறந்தவள். பிராகோவின் முதல் நாற்காலிகள் அத்தை சோளமாவு உருண்டை விற்கும் கேன்கே கடையில் கிடந்தவை. சூனியக்காரி என்று ஆலயத்தில் பேர் விழுந்த பெண்ணை எந்த உறவும் உள்ளே விடாது; தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும் விடமாட்டார்கள். பிராகோவுக்கும் அது தெரியும். அதனால்தான் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தையிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை 'ஆமா'ன்னு சொல்லிடேன்."

"எதுக்கு ஆமா?"

"நீதான் உட்கார்ந்திருக்கேன்னு."

"எங்கே?"

"என் வலைத்தளத்து மேல."

"அடியே, இந்த முக்காலியிலயே என்னால ஒழுங்கா உட்கார முடியல. உன் வலைத்தளத்துல எங்கேடி ஏறி உட்காருவேன்? ஏணி வச்சிருக்கியா?"

"விளையாடாதே அத்தை. அவர் நீ காலை இழுக்கிறதைக்கூடச் சொன்னாரு."

"நாற்காலி சுமந்து சுமந்து போன கால்டி. யாரோட நாற்காலின்னு அவர் சொன்னாரா?"

பிராகோ அழுதாள். அழுதாலும் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவைக்கும் எண்ணம் இல்லை.

அந்த நேரத்தில் கறுப்பு உடுத்திய பெண் ஒருத்தி வெயிலில் வியர்த்து உள்ளே வந்தாள். பெயர் டுஃபியே. தலைநகர் அக்ராவில் வேலை. அப்பா இறந்துவிட்டார், பந்தல் வேண்டும்.

"பந்தல்காரம்மா நீங்கதானே? உங்க சைட் திறந்திருந்தா நான் இவ்வளவு தூரம் பஸ்ல இடிபட்டு வந்திருக்க மாட்டேன்."

"மன்னிச்சுக்கோம்மா. சூனியம் வச்சிருக்கு."

"எதுக்கு?"

"சைட்டுக்கு. இதோ இவங்கதான்," என்று அத்தையைக் காட்டினாள். அத்தை வாழைக்காயோடு கையை ஆட்டினாள்.

டுஃபியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, என் தொழிலே இதுதான். கம்பெனிக்காரங்க சைட் ஏன் இழுக்குதுன்னு சோதிச்சுச் சொல்றது."

"நீயும் ஜெபம் பண்ணுவியா?"

"இல்ல. எடை போடுவேன்."

அடுக்கிய நாற்காலிகளின் மேல் கோழியை ஓரமாக நகர்த்திவிட்டு மடிக்கணினியை வைத்தாள். பக்கம் திறக்கும்போது எது எப்போது வருகிறது, எது எவ்வளவு கனம் என்று வரிசையாகத் திரையில் வந்தது. கனமானது மேலே. பார்த்ததும் டுஃபியே சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்க சூனியம் கண்டுபிடிச்சாச்சு. தலையில தொப்பி போட்டிருக்கு, கையில எண்ணெய் வச்சிருக்கு."

வரிசையில் முதலாவதாக நின்றது பத்து-ஜியின் ஆசீர்வாத வீடியோ! மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் பக்கத்தில் நிற்காது. காவலுக்கு வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அது போன ஞாயித்துக்கிழமைதானே வந்துச்சு? அதுக்கு முன்னாலயும் திறக்கலியே," என்றாள் பிராகோ.

"அது இந்தப் படங்க. யாரு இவங்கல்லாம்?"

"நான் பந்தல் போட்ட சாவுங்க. பெரிய பெரிய மனுஷங்க. மாடி உயரத்துக்குப் பதாகை அடிக்கிறதுக்காகப் படக்காரன் குடுத்த படம்."

"மாடி உயரப் படத்தை அப்படியே உள்ளங்கைக்குள்ள திணிச்சிருக்கீங்க. பாவம், போன் என்ன பண்ணும்? எடையைக் குறைக்கணும்."

பிராகோ பதறிப்போனாள். "செத்தவங்களைச் சின்னதாக்குறதா? ஊர்த்தலைவர் படத்துல ஒரு நூல் குறைஞ்சாலும் அவங்க குடும்பம் என் நாற்காலியாலயே என்னை அடிக்கும்!"

"உருவம் குறையாது அக்கா. எடைதான் குறையும். இதோ, இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எது பழசு?"

பிராகோ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றிவிட்டுப் பார்த்தாள். "வலதுதான் கம்பீரம். அதுதான் பழசு," என்றாள்.

அதுதான் இளைத்தது.

"இன்னும் என்ன குறை இருக்கு?" என்று அத்தை கேட்டாள். சூனியக்காரிக்குத் தன் கைவேலையைப் பற்றி ஆர்வம் வந்துவிட்டது.

"நிறைய இருக்கு அத்தை. எழுத்து அலங்காரம், பொத்தான் நிறம்னு ஒரு கூடை. ஆனா எல்லாத்தையும் இப்ப தொட வேண்டாம். கனமானது எது, சுலபமா எடுக்கக்கூடியது எது, அதுதான் முதல்ல. வீடியோ, அப்புறம் படம், அப்புறம் திறந்த உடனே தானாப் பாடுற அந்த ஒப்பாரிப் பாட்டு. மத்ததெல்லாம் பொறுக்கும். வயித்துவலிக்காரனுக்கு முதல்ல நகமா வெட்டுவாங்க?"

பிராகோ யோசித்தாள். "நீ சொல்றதெல்லாம் சரியாவே இருக்கட்டும். ஆனா அவர் ஜெபம் பண்ணின உடனே எங்கண்ணு முன்னால பட்டுனு திறந்துச்சே! ஊரே பார்த்துச்சே! அது எப்படி?"

"எந்தப் போன்ல?"

"அவரோட தங்கப் போன்ல."

"முதல் தடவையும் அதே போன்தானா?"

"ஆமா."

டுஃபியே மடிக்கணினியை மூடினாள். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். அத்தை, உங்களுக்குத் திட்டத் தெரியுமா?"

"கேன்கே கடையில முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கேன். தெரியுமான்னு கேக்குறே."

ஞாயிறு வந்தது. கிடங்கு பிதுங்கியது. சூனியக்காரியைப் பார்க்கக் கூட்டம் இரண்டு மடங்கு. அத்தையை மேடைக்கு முன்னால் தனியாக உட்கார வைத்தார்கள். சுற்றி யாரும் உட்காரவில்லை. போன வாரம்வரை அவளிடம் கேன்கேவுக்குக் கடன் சொன்னவர்கள்கூட நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். அத்தை மடியில் கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தீர்க்கதரிசி புதிய தங்கப் போன் ஒன்றை எடுத்தார். "இன்னைக்குக் கடைசி விடுதலை!" பாட்டு ஆரம்பித்தது. வட்டம் சுற்றியது. பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டும் பாட வேண்டியிருந்தது. ஆசீர்வாத வீடியோ உபயம். பிறகு எண்ணெய், உறுமல், மறுபடி அடித்தார். பட்டென்று திறந்தது. கூரை பறந்தது.

டுஃபியே எழுந்தாள். "ஐயா, விடுதலை ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மகளே!"

"முழுசாவா?"

"வேரோட!"

"அப்ப இனிமே எந்தப் போன்லயும் திறக்குமில்ல?"

தீர்க்கதரிசி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தீர்க்கதரிசியைப் பார்த்தது. "எந்தப் போன்லயும்!" என்றார். வேறென்ன சொல்வார்?

டுஃபியே பக்கத்தில் நின்ற தக்காளிக்காரியிடம் கை நீட்டினாள். "அம்மா, நீங்க இந்த சைட்டை எப்பவாவது திறந்திருக்கீங்களா?"

"எங்க வீட்டுல இன்னும் யாரும் சாகலம்மா."

"நல்லது. இப்பத் திறங்க."

தக்காளிக்காரியின் போனில் வட்டம் சுற்றியது. பாடகர்கள் பழக்க தோஷத்தில் பாட்டை எடுத்தார்கள். முழுப்பாட்டும் பாடியாயிற்று. இன்னும் சுற்றியது.

"அந்த அம்மாவுக்கு விசுவாசம் குறைவு!" என்றார் தீர்க்கதரிசி.

"யாருக்குய்யா குறைவு?" தக்காளிக்காரி இடுப்பில் கை வைத்தாள். "போன மாசம் ஒரு கூடைத் தக்காளி காணிக்கை போட்டேனே, அது விசுவாசம் இல்லாம உன் குழம்புலயா போச்சு?"

கூட்டத்தில் முதல் சிரிப்பு கேட்டது. தீர்க்கதரிசி உடனே கையை நீட்டினார். "அதோ! சூனியக்காரி உள்ளேயே உட்கார்ந்திருக்கா! அவ இருக்கிற வரைக்கும் திறக்காது!"

"அப்படியா?" என்றாள் டுஃபியே. இதற்குள் தக்காளிக்காரியின் போனில் பக்கம் ஒருவழியாகத் திறந்து முடிந்திருந்தது. அதை மூடி, அத்தையின் கையில் கொடுத்தாள். "அத்தை, நீங்கதான் சூனியக்காரியாமே. இந்த சைட் இனி என்னைக்குமே திறக்கக் கூடாதுன்னு சபிங்க."

அத்தை எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள். கூட்டம் பின்வாங்கியது. பிறகு முப்பது வருடக் கேன்கே வியாபாரம் வாயைத் திறந்தது. சைட்டைத் திட்டினாள், அதன் கம்பியைத் திட்டினாள், கம்பி போட்டவனைத் திட்டினாள், அவன் தாத்தாவைத் திட்டினாள். பாடகர் குழுவில் இரண்டு பேர் குறித்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில், "நீ திறக்கவே மாட்டே, நாசமாப் போ!" என்று போனில் துப்பாத குறையாகச் சொல்லி, பெயரைத் தொட்டாள்.

பட்டென்று திறந்தது.

மேளக்காரர் மேளத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"பாருங்க," என்றாள் டுஃபியே. "ஜெபத்துக்கும் திறக்குது, சாபத்துக்கும் திறக்குது. முதல் தடவை போன் எல்லாப் படத்தையும் தூரத்திலிருந்து இழுத்துட்டு வந்து தனக்குள்ள வச்சுக்குது. ரெண்டாவது தடவை வச்சதை எடுத்துக் காட்டுது. அதனாலதான் பிராகோக்காவுக்கு அவங்க போன்ல எப்பவும் வேகம். அதனாலதான் ஐயாவுக்கு வாராவாரம் புதுப் போன்." பிறகு வேறு முகவரியில் தனியாகப் போட்டு வைத்திருந்த எடை குறைத்த பக்கத்தை மேளத்தின் பின்னால் ஒளிந்திருந்த மேளக்காரரின் போனில் திறக்கச் சொன்னாள். அவரும் அதுவரை அந்த சைட்டைத் திறந்ததில்லை. ஜெபம் இல்லை, சாபம் இல்லை. குச்சி மேளத்தில் விழுவதற்குள் ஊர்த்தலைவர் முழுக் கம்பீரத்தோடு வந்து நின்றார்.

பிராகோ மேடை ஏறி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா அத்தை, வீட்டுக்குப் போகலாம்."

"போகலாம். நாற்காலி ஒண்ணு எடுத்துக்கோ. இது உன் நாற்காலிதான், ஆலயத்து வாடகை பாக்கி," என்றாள் அத்தை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது பத்து-ஜி மேடையில் இல்லை. பின்வாசல் மட்டும் திறந்திருந்தது. இந்த ஆளின் ஊழியத்தில் முதல் தடவையிலேயே வேகமாகத் திறந்தது அந்த ஒன்றுதான். இப்போது வேறு ஊரில் பதினொன்று-ஜி ஆகிவிட்டதாகக் கேள்வி.

டுஃபியேயின் அப்பாவுக்குப் பிராகோ பந்தல் போட்டாள். நாற்காலிகள் சனிதோறும் வெளியே போகின்றன. கோழி வேறு இடம் பார்த்துக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் பன்டாமாவைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பேன். மறு ஞாயிறு காலையில் பிராகோ வீட்டு வாசலில் வரிசை. முன்னால் சவுரிக்காரி, அடுத்து உதிரிபாகக்காரன், அதற்கும் பின்னால் தலை குனிந்தபடி கணக்கு வாத்தியார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் காணிக்கைக்குக் கோழிமுட்டை.

"அத்தை, எங்க சைட்டையும் ஒரு தடவை சபிச்சு விடுங்களேன். உங்க வாய்க்கு ரொம்ப சக்தியாமே!"

அத்தை முக்காலியிலிருந்து நிமிர்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"உன் போனைக் காட்டாதே, பக்கத்துல நிக்கிறவன் போன்ல திறந்து பாரு. சுத்துதா? அப்ப எது கனம்னு தேடி எடுத்து வெளியே போடு. அதுக்கு முன்னால தலையைத் திற. அது மட்டும் எவன் எண்ணெய் தடவினாலும், நான் எவ்வளவு திட்டினாலும், தானாத் திறக்காது. முட்டையை வச்சுட்டுப் போங்க."