தொப்பிக்குப் பின்னால் ஒரு மேட்ச்

உயிரே போனாலும் சேனலை விட்டுக்கொடுப்பதில்லை என்று லோர்ன் சபதம் எடுத்தான்.

காலையிலேயே அவன் மனைவி வில்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமை போன் பண்ணி உன் ஹெரன்ஸ் சேனலை நிறுத்தச் சொல்லப்போறேன்."

இரவும் பகலும் ஹாமில்டன் ஹெரன்ஸ் என்ற ஒரே ஐஸ் ஹாக்கி அணியைக் காட்டும் சேனல் அது. அந்த அணிக்குத் தோற்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. தோற்று முடித்த பிறகு மிச்ச நேரத்தை என்ன செய்வது? கோல்கீப்பர் பான்கேக் சுடுவார். கோச் ஏன் தோற்றோம் என்று விளக்குவார். அவரும் ஓய்ந்தால், ஆடுகளத்துப் பனியை ஒரு வண்டி மெழுகுவதைக் காட்டுவார்கள். அதையும் லோர்ன் கண்கொட்டாமல் பார்ப்பான். கேட்டால் விசுவாசமாம்! கோச்சின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பவனுக்குத் தன் கல்யாண நாள் மட்டும் மறந்துபோவது எந்த ஊர் விசுவாசம்?

சாயங்காலம், போன வருஷம் தப்பித்தவறி ஜெயித்த மேட்ச் ஒன்றை மறுபடி போடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். தன் கம்பளித் தொப்பியை டீவியின் மூலையில் மாட்டினான். 'மறு ஒளிபரப்பு' என்ற எழுத்து அதன் பின்னால் மறைந்தது.

"வில்மா, ஒரு பந்தயம். இன்னிக்கு நேரடி மேட்ச். யார் ஜெயிப்பாங்கன்னு சரியா சொல்றவங்க வச்சதுதான் சேனல் விஷயத்துல சட்டம்."

"டீவிக்கு எதுக்குத் தொப்பி? அதுக்கும் குளிருதா?"

"ராசி."

"போன வருஷம் ராசின்னு தாடி வளர்த்தியே?"

"முதல் சுத்துலயே தோத்து, சிரைக்க வச்சுட்டாங்க. அதை விடு. நீயே முதல்ல ஒரு டீமைச் சொல்லு. உனக்காக விட்டுக்கொடுக்கறேன்."

எப்பேர்ப்பட்ட தாராளம்! புத்தியுள்ள எவள் ஹெரன்ஸ் மேல் பந்தயம் கட்டுவாள்?

"ஹெரன்ஸ்" என்றாள் வில்மா.

லோர்ன் பதறினான். "ஐயோ, யோசிச்சுச் சொல்லு! அவங்க தோத்துடுவாங்க!"

"நீ சொல்லிச் சொல்லி இன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துது. உனக்குப் போயிடுச்சா?"

எதிரணிதான் லோர்னின் பங்குக்கு வந்தது. ஹெரன்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹெரன்ஸ் தோற்க வேண்டும் என்று சோபாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டான். அதுவும் போன வருஷமே முடிந்துபோன மேட்சில்! முதல் கோல். முகத்தைப் பொத்திக்கொண்டான். இரண்டாவது கோல். பல முறை பார்த்து ஒவ்வொரு முறையும் துள்ளிய அதே கோல். இப்போது சொந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி முனகினான்.

"எழுந்து கத்தேன் லோர்ன், உன் ஆளுங்கதானே!"

கடைசிச் சங்கு ஊதியது. ஹெரன்ஸ் ஜெயித்தது. வில்மா எழுந்து நின்று கை தட்டினாள். சேனல் போயிற்று.

"எப்படி... எப்படிக் கண்டுபிடிச்ச?"

"காலையில நீ டோனட் வாங்கப் போனப்பவும் இதைத்தான் போட்டான். துணி மடிச்சுக்கிட்டே தொப்பியில்லாம பார்த்தேன்."

டீவியிலிருந்து தொப்பியை எடுத்து அவன் தலையில் மாட்டினாள்.

"பொழுதுதான் இனிமே நிறைய இருக்கே. வாசல்ல பனி அள்ளணும், போ."