இன்னாசி அவர்கள் உயிரோடு இருக்கிறார்

பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். பயந்தவன்தான் அதிகம் பேசுவான், அதுவும் பேசக்கூடாத இடத்தில். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைப் பார்த்தே சந்து மாறி ஓடியவன். (அவர் எனக்கு வந்த கடிதத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார். நான் இன்னும் வேகமாக ஓடினேன்.)

அப்படிப்பட்டவன் எங்கள் புதுக்கோட்டை கால்பந்து அணிக்குக் கோஷத் தலைவனாக இருந்தேன். காரணம் என் தொண்டை. அப்போது எனக்கு விளம்பர ஆட்டோவில் அறிவிப்புச் சொல்லும் வேலை. குடிநீர் வராது, ஆடு காணாமல் போனது, கோயில் கொடைத் திருவிழா, எல்லாம் சொல்வேன். ஆனால் பேர் வாங்கித் தந்தது சாவு அறிவிப்புதான். “இன்னாரின் அன்பு மகன் இன்னார் அவர்கள்” என்று நான் நிறுத்தி நிதானமாக இழுத்தால், தெருவில் பாதிப்பேர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் என் ஆட்டோதான் போகும். எந்த மதம் என்றாலும் குரல் ஒன்றுதான்.

அந்த வருடம் இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிராக ஒரு கடற்கரை ஊர் அணி வந்தது. (ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். பேரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தவன் நான்.) அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வேறொரு போட்டியில் எவனோ சாதியை இழுத்துக் கோஷம் போட, அது செல்போனில் சுற்றி, இரு பிரிவினரிடையே பகைமையைத் தூண்டியதாக வழக்காகிவிட்டது. சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் கூட்டத்தோடு கத்திய சிலவற்றைத் தனியாக நின்று சொல்லச் சொன்னால் எனக்கே நாக்குக் கூசும். ஆனால் என் கவலை வேறு. மஸ்கட்டில் ஒரு வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. பேரில் ஒரு வழக்கு விழுந்தால் மஸ்கட்டும் போச்சு, நானும் போச்சு.

போட்டிக்கு முந்தின நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஏட்டையா பெரிய மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

“நீதான் கோஷம் போடுதவனா? நாளைக்கு என்னென்ன போடப்போற, எல்லாத்தையும் சொல்லு.”

“இங்கனயா ஐயா?”

“பெறவு? சத்தமா சொல்லு.”

“வலையில மீனு மாட்டும், ஒங்க வலையில எங்க பந்து மாட்டும்” என்றேன். லாக்கப்பில் இருந்த ஒருவர் கைதட்டினார்.

“வலை, மீனு. ரெண்டும் தொழில். தொழில்னா சாதிம்பான். வேண்டாம்.”

“கோல் வலையத்தான் ஐயா சொல்லுதேன்.”

“கோர்ட்ல போய் சொல்லுதியா? அடுத்தது.”

“மணி அடிச்சாச்சு, மூட்டையைக் கட்டு.”

“மணி எங்க அடிக்கும்? கோயில்ல. மதம். வேண்டாம்.”

“பள்ளிக்கூடத்துலயும் அடிக்குமே ஐயா.”

அவர் மீசையைத் தடவினார். நான் அடுத்ததற்குப் போனேன். “உப்புக் காத்து” தொழிலில் போனது. கோல்கீப்பரைச் சொல்லும் “கறுப்புச் சட்டை கோலி” நிறத்தில் போனது. கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல.

“ஏலே, இதுக்குப் போய் ஏன் அழுத மாதிரி நிக்க? மரியாதையாக் கூப்பிடு. பேரைச் சொல்லு, அப்பன் பேரைச் சொல்லு, அவர்கள்னு போடு. மரியாதை குடுத்தவன் மேல எவன் கேஸ் போடுவான்?”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே எதிரணி கோலியின் பேரையும் அப்பா பேரையும் விசாரித்து மனப்பாடம் செய்தேன். மரியாதையாகப் பேசு என்றால் என் தொண்டைக்குத் தெரிந்த மரியாதை ஒன்றே ஒன்றுதான் என்பது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நம்மாட்கள் என் முதுகில் குத்தி, “கத்து வே, கத்து வே” என்றார்கள். ஏட்டையா கோட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெகாபோனை வாயில் வைத்தேன்.

“மிக்கேல் அவர்களின்... அன்பு மகன்... இன்னாசி அவர்கள்...”

மைதானமே அமைதியாகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஒருவர் தலையில் இருந்த துண்டை எடுத்தார். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். கோலி இன்னாசி பந்தை விட்டுவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. எங்கள் ஆட்கள்கூடக் கைதட்டவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த இன்னாசியின் அம்மா சூசையம்மாள் போட்ட அலறல் மட்டும்தான் கேட்டது. “எம் மவனே” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் மொத்த ஊரும் என்னைப் பார்த்து ஓடி வந்தது.

நான் ஏட்டையாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் காக்கிச் சட்டையைக் கட்டிப்பிடித்தேன்.

“என்னல செஞ்ச, பாவி?”

“நீங்க சொன்னதத்தான் ஐயா.”

“நான் எப்பம்ல சொன்னேன்?” என்றார் அவர், ஜீப்பை நோக்கி என்னைத் தள்ளிக்கொண்டே.

ஸ்டேஷனுக்கு வெளியே கூட்டம். “எங்க பிள்ளையச் சாகச் சொல்லுதான், எங்க சனத்தையே சாகச் சொல்லுதான்” என்று ஒருவர் கத்தினார். எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். பகைமையைத் தூண்டியது, கொலை மிரட்டல் என்று அவர் சொல்லச் சொல்ல, மஸ்கட் விமானம் என் கண்ணெதிரே என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அப்போது சூசையம்மாள் மகன் கையை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள். விட்டால் நிஜமாகவே போய்விடுவான் என்ற பிடி.

“கேசு வேண்டாம் சார். கேசு போட்டு எனக்கு என்ன ஆவப்போவுது? ஊருக்குள்ள சேதி பரவி, வீட்டு வாசல்ல மாலையோட வந்து நிக்காவ. இவன் கொரல்ல கேட்டத ஊரு நம்பிட்டு. இதே கொரல்ல, தெருத் தெருவா, எம் மவன் உசுரோட இருக்கான்னு இவன் சொல்லணும். அதுவரைக்கும் எனக்கு வயிறு ஆறாது.”

எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

என் ஆட்டோவிலேயே அந்தக் கடற்கரை ஊருக்குப் போனோம். முன்னால் நான், பக்கத்தில் ஏட்டையா, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தாட்சியாக இன்னாசி. முதல் தெருவில், “மிக்கேல் அவர்களின் அன்பு மகன் இன்னாசி அவர்கள்” என்று தொடங்கியதுமே வீடுவீடாக ஒப்பாரி கிளம்பிவிட்டது. “நலமாக இருக்கிறார்” என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாம் தெருவில் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டேன். “உயிரோடு இருக்கிறார், இன்னாசி அவர்கள்.” அதற்கும் அழுதார்கள். என்ன செய்ய, என் தொண்டைக்கு நல்ல சேதி சொல்லிப் பழக்கமில்லை. கடைசியில் இன்னாசியே மைக்கைப் பிடுங்கி, “ஏ, நான்தான் பேசுதேன், சோலியப் பாருங்க” என்றான். அதற்குப் பிறகுதான் கூட்டம் கலைந்தது. சூசையம்மாள் எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். குடிக்கவும் பயமாகத்தான் இருந்தது. குடித்தேன்.

பாஸ்போர்ட் வந்தது. மஸ்கட் போனேன், திரும்பினேன், கல்யாணம் ஆயிற்று. இப்போது துறைமுகத்தில் சத்தமில்லாத ஒரு ஆபீஸ் வேலை. ஆனால் கதை எனக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் மாமனார் இன்றுவரை கல்யாணப் பத்திரிகை எதையும் என் காது கேட்கக்கூட வாசிப்பதில்லை.

போன மாதம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியை கனிவாக என்னைப் பார்த்து, “அப்பா பேரோட சேர்த்து, பிள்ளையோட முழுப்பேரைச் சொல்லுங்க” என்றார். நான் தொண்டையைச் செருமினேன். என் மனைவி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

“நான் சொல்லுதேன் டீச்சர். இவுக வெளிய நிக்கட்டும்.”

வெளியே போய் நின்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.