வேல்ஸ் மலையில் நான் பிரசவம் பார்த்த கதை

அன்புமிக்க மைத்துனர் தமிழரசன் அவர்களுக்கு, அக்கா வீட்டுக்காரன் அமிர்தலிங்கம் வேல்ஸ் நாட்டு மலைப் பண்ணை ஒன்றிலிருந்து எழுதுவது. இவ்விடம் உங்கள் அக்கா வளர்மதி சுகம். நான் மானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுகம். தா.பழூரில் உங்கள் நலமும் நாற்றங்கால் நலமும் அறிய ஆவல்.

கார்டிஃபில் வேலை பார்க்கும் நம் நர்மதா, "ஒரு வாரம் மலையில ஓய்வா இருங்கப்பா" என்று இந்தப் பண்ணை வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். சீட்டில் 'செல்ஃப் கேட்டரிங்' என்று போட்டிருந்தது. கேட்டரிங் என்றால் கல்யாணத்துக்குச் சாப்பாடு போடுகிறவர்கள்தானே என்று நினைத்து, அக்கா கட்டி வைத்த அரிசி பருப்பு மூட்டையை, "பட்டிக்காட்டான்னு நெனப்பானுவ, வச்சிட்டு வா" என்று நானே காரிலிருந்து இறக்கிவிட்டேன். நர்மதா எங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். பகல் ஒரு மணிக்குக் கை கழுவிக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தேன். இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்னங்க, நாமளே ஆக்கித் தின்னுக்கணுமாம்" என்றாள். கடை ஏழு மைல். மகளிடம் சொல்ல வெட்கம். வரவேற்புக்கென்று வைத்திருந்த ரொட்டியையும் ஆறு முட்டையையும் கொண்டு இரண்டு நாள் ஓட்டினோம்.

மூன்றாம் நாள் பண்ணைக்கார அம்மாள் மேகன் எங்களை விசாரிக்க வந்து, நிலைமையைப் பார்த்து, காய்கறியும் அரிசியும் வாங்கித் தந்தாள். ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். "கால்நடை ஆஸ்பத்திரி, முப்பது வருஷம்" என்றேன். பொய்யில்லை. சீட்டு எழுதும் கிளார்க் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முகம் வெளுத்து ஓடிவந்தாள். ஆட்டுக்குக் குட்டி மாட்டிக்கொண்டதாம், டாக்டர் வர இரண்டு மணி நேரமாகுமாம், நான்தான் காப்பாற்ற வேண்டுமாம். கொட்டகையில் ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. குட்டியின் மூக்கும் ஒரு காலும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் ஆட்டின் வயதைக் கேட்டேன். எத்தனையாவது ஈற்று என்று கேட்டேன். பதிவேட்டில் எழுத வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பின்னால் வந்த அக்கா, "அந்தாண்ட தள்ளுங்க" என்றாள். வளையலைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிக் கிடந்த இன்னொரு காலை விரலால் முன்னே கொண்டுவந்து, ஆடு முக்கும்போது இழுத்தாள். குட்டி விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்து, "கத்துடி, கத்தித் தொலைடி" என்று தமிழிலேயே அதட்டினாள். அது தும்மிற்று. பிறகு கத்திற்று. மேகன் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்றேன்.

"நம்ம வூட்டு ஆட்டுக்கெல்லாம் இத்தன வருஷம் யாரு பாத்தாங்கன்னு நெனச்சீங்க? நீங்க ஆபீஸுக்குப் போயிட்டீங்க."

மாப்பிள்ளை, சத்தியமாக எனக்குத் தெரியாது. இந்த உண்மையை ஊரில் ஒருவர் விடாமல் சொல்லுங்கள். வளர்மதியின் புருஷன் என்பதைவிட எனக்கு வேறு பெருமை வேண்டாம்.

பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் படித்து முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்த
அமிர்தலிங்கம்

பி.கு.: மேகன் எடுத்த போட்டோவை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அக்கா கை கழுவப் போயிருந்தபோது எடுத்தது; குட்டியை ஏந்திக்கொண்டு நான் மட்டும் நிற்கிறேன். கம்பீரமாக வந்திருக்கிறது. எங்கள் ஊர் திருமானூர் டீக்கடையில் போட்டோவை மட்டும் காட்டுங்கள். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.