வெயில் பாயும் வானத்துச் சாயமும்

தர்மபுரி மாவட்டத்திலேயே எதையும் யாரையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் வெயில் பாய்தான். என் ஸ்டூடியோவுக்கு அடுத்த கதவு அவருடைய துணிக்கடை. கடை விளக்கு நிறத்தை ஏமாற்றும் என்பது அவர் கட்சி. சேலை கேட்டு வந்தவர்களைத் தெருவுக்குக் கூட்டிவந்து, வெயிலில் விரித்துக் காட்டித்தான் விற்பார். மழை பெய்தால் வியாபாரம் கிடையாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பையனை வாசலுக்கு வரச்சொல்லி, தலைமுடி சாயமா என்று பார்த்தாராம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாண ஆல்பம் போக, எனக்கு வானத்தைப் படமெடுக்கும் பைத்தியம் உண்டு. விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவை அதியமான்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்து, தங்கமும் நீலமுமாக ஒரு படம் செய்து ஸ்டூடியோவில் மாட்டினேன். ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துவிட்டு, பள்ளிக்கு வேண்டும் என்றார். என் வானத்துக்கு வந்த முதல் கிராக்கி.

பாய் வந்தார். கேட்காமலே படத்தைக் கழற்றித் தெருவுக்குக் கொண்டுபோனார்.

"இது நெசக் கலரா தம்பி?"

"வெயில்ல பாத்தா காகிதந்தாங்க தெரியும். அது வானத்துல இருக்குதுங்க பாய்."

"அப்ப வானத்துல காட்டு."

ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். டெலஸ்கோப்பில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை.

"அடுப்புச் சாம்பல ஊதிவுட்ட மாதிரி இருக்குது. சாயம் யாரு போட்டா?"

மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமரா பொறுமையாக ஒளியைச் சேர்ப்பதால் அதற்கு இளஞ்சிவப்பு தெரியும் என்றேன். தங்கமும் நீலமும் வாயுக்களைப் பிரித்துக் காட்ட நான் தேர்ந்தெடுத்தவை என்றேன்.

"அழகுக்கா?"

"அழகுக்கும்தாங்க."

"அப்பச் சாயந்தான்."

மறுநாள் சீருடைத் துணி எடுக்க வந்த ஹெட்மிஸ்ட்ரஸிடம் இதை அப்படியே சொல்லிவிட்டார். அந்தம்மா நேராக என்னிடம் வந்து, "பிள்ளைங்ககிட்டப் பொய்யக் காட்ட முடியாதுங்க" என்று சொல்லிப் போனார். பாயோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

பிறகு பாய்க்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். ஓய்வு முடிந்து கடை திறந்தவர், ஒரு கண்ணைப் பொத்துவதும் மறு கண்ணைப் பொத்துவதுமாக நின்றார். கடைசியில் ஒரு வேட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பழைய கண்ணுல பாத்தா சந்தனம். புதுக் கண்ணுல பாத்தா வெள்ளை, அதுலயும் நீலம் ஓடுது. எதுப்பா நெசம்?"

"வெயில்ல பாத்தீங்களா?" கோபத்தை மறந்து கேட்டேன்.

"வெயிலே ரெண்டு தினுசா இருக்குது."

புரை மஞ்சளாக மூடியிருந்தது, இப்போது நீலம் தூக்கலாகத் தெரியும் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இத்தன வருசமா மஞ்சக் கண்ண வெச்சிக்கிட்டா ஊரையே பொய்யின்னேன்?"

என் நெபுலாவைப் புதுக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரமே ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்பி வந்தார். "பாய் ஸ்கூலுக்கே வந்துட்டாருங்க. மூணு படமா மாட்டணுமாம். கண்ணுக்குத் தெரியறது, கேமராவுக்குத் தெரியறது, நீங்க ஆசப்பட்டுப் போட்டது. எது எதுன்னு அடியில எழுதிரணுமாம். அப்பப் பொய்யில்லையாம்."

அப்படியே எழுதி மாட்டினோம்.

இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்காத சமயம், ரம்ஜானுக்கு வீட்டம்மாவுக்கென்று ஒரு சேலையோடு பாய் வந்தார்.

"நீலமா பச்சையா, நீ சொல்லு."

"நீலங்க பாய்."

"சரி" என்று மடித்துக்கொண்டு போய்விட்டார். மறுகேள்வி இல்லை. அந்த அம்மாவுக்குச் சேலை பிடிக்கவேண்டுமே என்று அன்று முழுக்க எனக்குத்தான் கவலையாக இருந்தது.